டிரினிடாட்டின் ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் வழிபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையை ஒட்டி, வெனிசுவேலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது டிரினிடாட் தீவு. அங்கே ஏழை ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் வளர்த்தெடுத்த ஒரு கிறிஸ்தவ வழிபாட்டை, 1917 முதல் 1951 வரை, 33 ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் காலனி ஆட்சியினர் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தார்கள். இன்று அந்தச் சட்டம் ஒழிந்த நாள் அந்த நாட்டில் அரசு விடுமுறை.

இணையத்தில் இவர்களைத் தேடினால் உடம்பு குலுங்க ஆடும் காணொளிகள்தான் முதலில் வரும். அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் என்னிடம் கேட்டவை, படிக்கப் படிக்க எனக்கே எழுந்தவை என்று கேள்விகள் சேர்ந்துவிட்டன. இவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டு முடிவு கட்டியவர்கள், இவர்களுடைய வழிபாட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு இருட்டறைக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை என்பது என் எண்ணம். அதனால் அந்த அறையைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் என்பவர்கள் யார்? ‘ஷவுட்டர்’ என்பதும் இவர்களைத்தானா?

ஆமாம், இருவரும் ஒருவரே. ‘ஷவுட்டர்’ என்றால் கத்துகிறவர்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டில் இதே போன்ற வழிபாட்டுக்காரர்களை ‘ஷேக்கர்’, அதாவது நடுங்குகிறவர்கள் என்றார்கள். பார்படோஸில் ‘டை ஹெட்’, தலையில் துணி கட்டியவர்கள். மூன்று தீவுகளிலும் அக்கம்பக்கத்தாரின் கண்ணிலும் காதிலும் எது பட்டதோ அதுவே பெயராகிவிட்டது.

அவர்கள் தங்களை ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஆவியில் நடக்கும் பாப்டிஸ்ட் என்று பொருள் கொள்ளலாம். பழைய கேலிப் பெயரைப் பலர் இப்போது பெருமையோடு ஏற்றுக்கொண்டுவிட்டதால் விடுமுறை நாளின் பெயரில் ஷவுட்டர் என்ற சொல்லும் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டிரினிடாட் டொபாகோ மக்களில் 5.7 விழுக்காட்டினர் இந்தச் சபையினர். 13 லட்சம் சொச்சம் பேர் உள்ள நாட்டில் அது ஏறக்குறைய 75,000 பேர். காலனி அதிகாரிகளும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளும் போன ஆங்கிலிக்கன் சபையின் பங்கும் அதே கணக்கெடுப்பில் அதே 5.7 தான்.

இவர்கள் கிறிஸ்தவர்கள்தானா?

கிறிஸ்தவர்கள்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற நம்பிக்கை, விசுவாசப் பிரமாணம், பைபிள் வாசிப்பு, பிரசங்கம், முழுக்கு ஞானஸ்நானம் எல்லாம் உண்டு. மெதடிஸ்ட் சபையிலும், ஐரா சாங்கி என்ற அமெரிக்கர் தொகுத்த பாட்டுப் புத்தகத்திலும் உள்ள பழைய கீர்த்தனைகளைத்தான் பாடுகிறார்கள். அப்புறம் ஏன் இந்தக் கேள்வி வருகிறது? மணி, சுண்ணக்கட்டி முத்திரைகள், தண்ணீர்ச் செம்பு, ஆவி இறங்குவது, கண்ணைக் கட்டிப் படுப்பது ஆகியவற்றைப் பார்த்து மற்ற சபையார் சந்தேகப்பட்டார்கள். ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட்களோ ஒவ்வொன்றுக்கும் பைபிளில் இடம் காட்டுவார்கள். அவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லும்போது இல்லை என்று சொல்ல வெளியாளான எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்த வழிபாடு எங்கிருந்து வந்தது?

ஒரே ஊற்று என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று ஓடைகள் வந்து கலந்திருக்கின்றன.

முதலாவது அமெரிக்காவிலிருந்து வந்தது. 1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. தங்கள் பக்கம் வந்து சேரும் அடிமைகளுக்கு விடுதலை உண்டு என்று பிரிட்டிஷ் கடற்படை அறிவித்தது. வர்ஜீனியா, ஜார்ஜியா போன்ற இடங்களிலிருந்து தப்பி வந்து படையில் சேர்ந்த ஆண்களையும் அவர்கள் குடும்பங்களையும், போர் முடிந்த பிறகு 1815, 1816இல் டிரினிடாட்டின் தென்பகுதிக் காட்டில் குடியேற்றினார்கள். இன்றைய பிரின்சஸ் டவுனுக்குக் கிழக்கே உள்ள பகுதி அது. குடும்பத்துக்கு 16 ஏக்கர் நிலம். எந்தப் படைப்பிரிவில் இருந்தார்களோ அந்தப் பிரிவின் எண்ணே ஊரின் பெயராயிற்று: மூன்றாம் கம்பெனி, ஐந்தாம் கம்பெனி, ஆறாம் கம்பெனி. ‘அமெரிக்கன்’ என்ற சொல் பேச்சில் தேய்ந்து இவர்கள் ‘மெரிக்கின்’ ஆனார்கள். டிரினிடாட்டுக்கு பாப்டிஸ்ட் நம்பிக்கையைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். அடிமைகள் தோட்டத்து மறைவில், மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் கூடி வளர்த்த நம்பிக்கை அது.

இரண்டாவது ஓடை செயின்ட் வின்சென்ட் தீவு. அங்கிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள் ‘ஷேக்கர்’ வழிபாட்டையும் உடன் கொண்டுவந்தார்கள். மூன்றாவது ஆப்பிரிக்காவே. 1838இல் அடிமை முறை முழுதாக ஒழிந்த பிறகும், அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களையும் மற்றவர்களையும் கூலி ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். ஆவி மனிதர் மேல் இறங்கும், உடம்பே அதற்கு வாகனம் என்ற அறிவு இவர்களுக்குப் பைபிளைத் தொடுவதற்கு முன்பே இருந்தது. பெந்தெகொஸ்தே நாளில் ஆவி இறங்கிய கதையைக் கேட்டபோது அவர்களுக்கு அது புதுக்கதையாக இருந்திருக்காது.

1917இல் ஏன் தடை செய்தார்கள்?

சத்தம் என்பதுதான் சொன்ன காரணம். அக்கம்பக்கத்தில் யாரும் குடியிருக்க முடியவில்லை என்று புகார்கள் வருவதாக அட்டர்னி ஜெனரல் சர் ஹென்றி கோலன் சட்டமன்றத்தில் சொன்னார். செயின்ட் வின்சென்ட் 1912இலேயே ஷேக்கர்களைத் தடை செய்திருந்ததை முன்மாதிரியாகக் காட்டினார். ‘ஷவுட்டர் தடைச் சட்டம்’ நிறைவேறியது.

சத்தம்தான் பிரச்சினை என்றால் சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தியிருக்கலாம். அந்தச் சட்டம் அத்தோடு நிற்கவில்லை. இரண்டு பேர் கூடினாலே கூட்டம் என்று வைத்துக்கொண்டது. வெள்ளைத் துணியால் தலையைக் கட்டுவது, கையில் மெழுகுவர்த்தி ஏந்துவது, கையில் பூ வைத்திருப்பது, இடையிடையே மணி அடிப்பது, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது, உடம்பை உதறுவது, முனகுவது என்று அவர்களுடைய வழக்கங்களை ஒவ்வொன்றாக அடையாளம் போட்டது. கூடுவதற்கென்று கட்டடம் கட்டினாலும் குற்றம், தன் நிலத்தில் கூட இடம் கொடுத்தாலும் குற்றம். தீட்சைக்காக ஒருவரை அறையில் அடைத்து வைப்பது தனிக் குற்றம். நடந்தது ஷவுட்டர் வழிபாடா இல்லையா என்பதில் மாஜிஸ்திரேட் சொல்வதே முடிவு. பூவுக்கும் மெழுகுவர்த்திக்கும் என்ன சத்தம் இருக்கிறது? கறுப்பு மக்கள் பாதிரியாரும் அனுமதியும் இல்லாமல் தாங்களே கூடி, தங்களுக்குள்ளேயே தலைவர்களை உண்டாக்கிக்கொண்டதைத்தான் ஆட்சி பொறுத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அந்த 33 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? தடை எப்படி நீங்கியது?

காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் ராத்திரியில் கூடினார்கள். போலீஸ் வந்து பிடித்துப் போவதும் அபராதம் கட்டுவதும் மறுபடி கூடுவதும் தொடர்ந்தன. 1939இல் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ், பிரான்செஸ் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தம்பதி வடகிழக்கு மூலையில் உள்ள டோக்கோ கிராமத்தில் தங்கி, ஷவுட்டர் பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். தடை நடப்பில் இருந்த காலத்தில் பாடிய குரல்கள் அவை.

கிரெனடாவிலிருந்து 1941இல் டிரினிடாட்டுக்கு வந்த எல்டன் ஜார்ஜ் கிரிபித் என்பவர் சிதறிக் கிடந்த சபைகளை ஒன்றுசேர்த்து, சட்டத்தை நீக்கக் கோரி ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டார். சட்டமன்றத்தில் ஆல்பர்ட் கோம்ஸ் போன்றவர்கள் துணை நின்றார்கள். 1951 மார்ச் 30 அன்று சட்டம் ஒழிந்தது. 1996இல் பிரதமர் பாஸ்தியோ பாண்டேயின் அரசு அந்த நாளைப் பொது விடுமுறையாக்கியது. செயின்ட் வின்சென்ட்டில் தடை நீங்க 1965 ஆயிற்று.

கோயிலுக்குள் என்ன இருக்கும்?

பலிபீடம் ஒரு பக்கம் இருந்தாலும் கண் முதலில் போவது நடுவில் உள்ள கம்பத்துக்குத்தான். அதன் அடியில் தண்ணீர் நிறைத்த செம்பு, பூ, மெழுகுவர்த்தி, பித்தளை மணி, சுண்ணக்கட்டியால் வரைந்த முத்திரைகள் இருக்கும். பல கோயில்களில் கம்பத்தோடு ஒரு சக்கரமும் பொருத்தியிருப்பார்கள். ஆராதனை சூடு பிடிக்கும்போது யாராவது போய் அதைச் சுழற்றிவிடுவார். கப்பலைத் திருப்பும் சக்கரமாகவும் தேராகவும் அதற்குப் பொருள் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் பயணம் என்பதே கருத்து. மேய்ப்பர் கோல், வாள், கொடிகள் ஆகியவையும் உண்டு. பழைய கோயில்களில் மண் தரைதான். வெறுங்காலோடு மண்ணில் நிற்பது அவர்களுக்கு முக்கியம்.

ஒரு ஆராதனை எப்படி நடக்கும்? அந்தச் சத்தம் என்ன?

மெழுகுவர்த்தி ஏற்றி, ஒருவர் மணியோடும் வேறு சிலர் தண்ணீர், வாசனைத் தைலம், எண்ணெய் ஆகியவற்றோடும் கோயிலின் நான்கு மூலைக்கும் வாசலுக்கும் நடுக்கம்பத்துக்கும் போவார்கள். ஒவ்வொரு இடத்திலும் மணி அடித்து, நீர் தெளித்து, இடத்தைத் தூய்மை செய்வார்கள். இதை ‘சர்வே’ செய்வது என்பார்கள். நிலத்தை அளக்கும் அதே சொல்தான். சொந்தமாக நிலம் இல்லாத மக்கள் தங்கள் சாமிக்கு இடத்தை அளந்து எல்லை கட்டுவதாகவே எனக்கு அது படுகிறது.

அதன் பிறகு பாட்டு, ஜெபம், வாசிப்பு, சாட்சி, பிரசங்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த காலத்து வழக்கப்படி ஒருவர் வரியைச் சொல்ல, மற்றவர்கள் இழுத்துப் பாடுவார்கள். மேளம் பொதுவாகக் கிடையாது. கைத்தட்டும் கால்மிதியும் மணியும்தான் தாளம்.

பாட்டு போகப் போக வார்த்தைகள் உதிர்ந்துவிடும். மூச்சு மட்டும் மிஞ்சும். தொண்டையிலிருந்து வெளியே தள்ளும் மூச்சு, உள்ளே இழுக்கும் மூச்சு, நடுவில் ஒரு முனகல். ஐந்தாறு பேர் சேர்ந்து இதைச் செய்தால் அந்த மூச்சே மேளமாகிவிடும். இதன் பெயர் ‘டாப்ஷன்’. ‘அடாப்ஷன்’, அதாவது தத்தெடுத்தல் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வரும் ‘புத்திர சுவிகாரத்தின் ஆவி’யோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். டாப்ஷனில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் தாளம் வேறு. அனுபவம் உள்ளவர் கேட்டவுடனே ஆவி எங்கே பயணம் போகிறது என்று சொல்லிவிடுவார். வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்குக் கத்தலாகப் பட்டது இதுதான். மூன்று நான்கு மணி நேரம் நீண்டாலும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஞானஸ்நானம்?

சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்து, தானாக வரவேண்டும். வெள்ளை உடுத்தி, கண் கட்டி, ஒரு இரவு முழுக்கப் பாட்டும் போதனையும் நடக்கும். விடியலில் ஊர்வலமாக ஆற்றுக்கோ கடலுக்கோ கூட்டிப்போய், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரில் மூன்று முறை முக்கி எடுப்பார்கள்.

‘மோர்னிங்’ என்றால் என்ன? யாராவது இறந்துவிட்டால் செய்வதா?

‘மோர்னிங்’ (mourning) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் துக்கம் காப்பது என்று பொருள். தமிழில் ‘துக்கத்துக்குப் போனேன்’ என்றால் சாவு வீட்டுக்குப் போனதாகத்தான் அர்த்தம். இங்கே வேறு. பைபிளில் தானியேல் மூன்று வாரம் நல்ல உணவு தொடாமல் துக்கித்திருந்து, அதன் முடிவில் தரிசனம் கண்டார் அல்லவா? அந்தத் துக்கம்தான் இவர்களுடைய மாதிரி. பழைய ‘நான்’ சாகவேண்டும் என்பதால் துக்கம் என்ற சொல் பொருந்தத்தான் செய்கிறது.

ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்குக் கனவிலோ மனத்திலோ அழைப்பு வரும். அவர் சபையில் சொல்வார். ஒரு நாள் குறிப்பார்கள். கோயிலை ஒட்டி அதற்கென்றே ஒரு சின்ன அறை இருக்கும். போகிறவருக்குப் பெயர் ‘யாத்ரீகர்’. வழி நடத்துபவர் ‘பாயின்டர்’, அதாவது திசை காட்டுகிறவர். கூடவே இருந்து கவனித்துக்கொள்பவர் ‘நர்ஸ்’.

யாத்ரீகரின் கால்களைக் கழுவி எண்ணெய் பூசுவார்கள். பல நிறத் துணிப்பட்டைகளில் பாயின்டர் சுண்ணக்கட்டியால் முத்திரைகள் வரைவார்: சிலுவை, ஏணி, நட்சத்திரம், சாவி, அம்பு, வேறு யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகள். மெழுகு சொட்டி, ஜெபித்து, அந்தப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணையும் தலையையும் சுற்றிக் கட்டுவார். மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருக்க ஒரு சங்கீதமோ வசனமோ கொடுப்பார். பிறகு அறைக்குள் தரையில் படுக்க வைப்பார்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு மூன்று வாரம்கூட இருந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கூடிய காலத்தில் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டியே முடிகிறது. சாப்பாடு மிகக் கொஞ்சம். பேச்சு ஜெபத்துக்கு மட்டும். நேரம் பார்த்து நர்ஸ் வந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைப்பார், ஜெபத்துக்கு எழுப்புவார், கைதாங்கலாகக் கூட்டிப்போவார். மற்றபடி இருட்டும் மண்ணும் மட்டும்தான்.

அப்போது பயணம் தொடங்குகிறது. ஒரு பாதை தெரியும். மலை வரும், ஆறு வரும். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ எதிர்ப்படும். யாரோ ஒருவர் வந்து ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுப்பார், ஒரு மணியைக் கையில் தருவார், குறிப்பிட்ட நிறத்தில் உடை கொடுப்பார். ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா என்று தேசம் தேசமாகப் போய்வருவார்கள். பார்த்ததை அவ்வப்போது பாயின்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்டு, இது சரியான வழி, இது வழிதவறல், இங்கே மறுபடி போய்ப் பார் என்று சொல்வார்.

முடிவில் ஞாயிற்றுக்கிழமை அறையிலிருந்து வெளியே அழைத்து வருவார்கள். கட்டு அவிழும். யாத்ரீகர் எழுந்து நின்று, எங்கே போனார், என்ன கண்டார், என்ன பெற்றார் என்று சபை முழுக்கக் கேட்கச் சொல்வார். இதற்கு ‘டிராக்’ கொடுப்பது என்று பெயர். நடந்து வந்த தடத்தைச் சொல்வது. ஒவ்வொரு டிராக்குக்கும் சபை பாட்டால் பதில் சொல்லும்.

இதில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் ஒன்று உண்டு. அங்கே கிடைக்கும் பொருள்தான் அவருக்குச் சபையில் பதவி. நர்ஸ் உடை கிடைத்தால் நர்ஸ். திசைகாட்டி கிடைத்தால் கேப்டன். சோதித்துப் பார்க்கும் வரம் கிடைத்தால் ‘புரூவர்’. இன்னும் டீச்சர், மேய்ப்பர், சர்வேயர், டைவர், காவல்காரர், நட்சத்திரம் பார்ப்பவர் என்று நீண்டுகொண்டே போகும். 1920களில் போர்ட் ஆப் ஸ்பெயின் நகரத்தில் வீட்டு வேலை செய்த ஒரு கறுப்புப் பெண், நர்ஸாகவோ டீச்சராகவோ கேப்டனாகவோ ஆவதற்கு வழி என்ன இருந்தது? நகரத்தில் மூடியிருந்த அத்தனை வாசலும் அந்த மண் தரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவளுக்குத் திறந்தன. திரும்பி வந்து சொன்னபோது ஒரு சபையே எழுந்து நின்று ஏற்றுக்கொண்டது. தடைச் சட்டம் அறையில் அடைத்து வைப்பதைத் தனிக் குற்றமாக எழுதியதை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

இப்படிப் படுத்துக் கிடப்பது உடம்புக்கும் மனத்துக்கும் கேடு இல்லையா?

வெளிச்சம், பேச்சு, உணவு, அசைவு எல்லாவற்றையும் குறைத்தால் மனிதமூளை காட்சிகளை உண்டாக்கும் என்பது உளவியல் அறிந்த விஷயம். பாயின்டரும் நர்ஸும் இல்லாமல் யாரும் தானாகச் செய்து பார்க்கக்கூடிய ஒன்று இல்லை. நோயாளிகள் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆராய்ந்தவர்கள் இதைப் பைத்தியம் என்று தள்ளவில்லை. எஸ்ரா கிரிபித், ஜார்ஜ் மாஹி என்ற மருத்துவர்கள் பார்படோஸில் மோர்னிங் முடித்த 23 பேரிடம் பேசி 1984இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனச்சோர்வு குறைந்தது, முடிவெடுக்கும் தெளிவு கூடியது, தங்கள் இன வேரைப் பற்றிய உணர்வு தெளிவானது என்று அவர்கள் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அறையில் தனியாகக் கிடந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் ஊரே பாடிக்கொண்டிருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

பெண்களுக்கு என்ன இடம்?

சபையில் பெரும்பான்மை பெண்கள்தான். மூத்த பெண்களை ‘மதர்’ என்று அழைக்கிறார்கள், அவர்கள் சொல்லுக்கு மறுப்பு கிடையாது. யாத்ரீகரைக் கவனிப்பதும், கனவுக்குப் பொருள் சொல்வதும், வைத்தியம் பார்ப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில். பெண் பாயின்டர்களும் உண்டு. பீடத்தில் ஏறிப் பிரசங்கிப்பதிலும் பிஷப் ஆவதிலும் சபைக்குச் சபை வழக்கம் மாறும். வீடுகளில் நடக்கும் நன்றி கூறும் விருந்தும் பெரும்பாலும் பெண்கள் எடுத்துச் செய்வதே. பழம், இனிப்பு, சோறு எல்லாம் பரப்பி, ஜெபித்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டு ஊட்டுவார்கள்.

நடுக்கம்பத்தின் அடியில் இருக்கும் செம்பு நம்ம ஊர்ச் செம்பு மாதிரி இருக்கிறதே?

மாதிரி இல்லை, அதேதான். டிரினிடாட்டில் ‘லோட்டா’ என்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பித்தளைத் தாம்பாளத்துக்கு ‘தாரியா’ என்று பெயர். 1845 மே 30 அன்று முதல் கப்பலில் இந்தியக் கூலிகள் வந்து இறங்கினார்கள். 1917 வரை சுமார் 1,44,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாக வந்த போஜ்புரிக்காரர்கள். சென்னை வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும் சிறு பங்கு, அவர்களை அங்கே ‘மதராசி’ என்றார்கள். கரும்புத் தோட்டத்தில் அடுத்தடுத்த குடிசையில் இருந்தவர்களின் பூஜைப் பாத்திரம் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கோயில் நடுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்தியக் கூலி அனுப்புவது நின்றதும் ஷவுட்டர் தடை வந்ததும் ஒரே ஆண்டில்.

மோர்னிங்கில் இந்தியாவுக்குப் பயணம் போகிறவர்களும் இதனால்தான் உண்டு. லோட்டாவை அந்தப் பயணத்தில் கையில் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மதராசிகள் கொண்டுவந்த காளி வழிபாட்டிலும் சாமி வந்து ஆடி வாக்குச் சொல்வது உண்டு. கயானாவில் இன்னும் மாரியம்மன் பெயரும் தப்பு மேளமும் அதோடு இருக்கின்றன. டிரினிடாட்டில் காளி கோயிலுக்குக் குணம் தேடிப் போகும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களும் இருக்கிறார்கள். ஆவி இறங்கும் என்பதை இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் விளக்கத் தேவையே இருந்திருக்காது.

ஒரிஷா, ஷாங்கோ என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. ஒரிஷா என்பது ஷாங்கோ, ஒகுன் போன்ற யொரூபா தெய்வங்களை வணங்குவது. அங்கே மேளம் உண்டு, பலியும் உண்டு. இரண்டுக்கும் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் ‘ஷாங்கோ பாப்டிஸ்ட்’ என்று ஒரு பெயர் சுற்றுகிறது. பல ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட்களுக்கு அது பிடிக்காது. தங்கள் சபையை அவர்களே அப்படி அழைக்காதவரை நாமும் அழைக்க வேண்டாம்.

ஜமைக்காவின் ரிவைவல் இதே மதம்தானா?

உறவு உண்டு, ஆனால் தனி. ஜமைக்காவில் 1860, 1861இல் தீவு முழுக்க ஒரு பெரிய ஆவியெழுச்சி பரவியது. அதிலிருந்து இரண்டு கிளைகள்: ‘சயன்’ முதல் ஆண்டில் பிறந்தது என்பதால் அறுபது, ‘புக்குமினா’ அடுத்த ஆண்டு என்பதால் அறுபத்தொன்று. அங்கே மேளம் பிரதானம். இடஞ்சுழியாகச் சுற்றி வந்து, காலை ஊன்றி, மூச்சைத் தள்ளி ‘டிரம்ப்’ செய்வார்கள். பழமும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் அடுக்கிய ‘டேபிள்’ அவர்களுடைய முக்கியச் சடங்கு. கிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஆகஸ்ட் டவுனில் அலெக்சாண்டர் பெட்வர்ட் ஆற்று நீரால் நோய் தீர்ப்பதாக ஆயிரக்கணக்கானோரைத் திரட்டினார். ஆட்சி அவரை மனநல விடுதியில் அடைத்தது, 1930இல் அங்கேயே இறந்தார். செயின்ட் ஆன் பகுதியில் உள்ள வாட் டவுன் ரிவைவல்காரர்களின் புனித இடம். அங்கே போகும் யாத்திரையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

பார்படோஸுக்கு டிரினிடாட் வழிபாடு நேரடியாகவே போனது. டிரினிடாட்டில் வாழ்ந்து திரும்பிய கிரான்வில் வில்லியம்ஸ் 1957இல் அங்கே சபையைத் தொடங்கினார். இன்று நியூயார்க்கின் புரூக்ளினிலும் டொராண்டோவிலும் ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் கோயில்கள் இருக்கின்றன.

இது சூனியம், மாந்திரீகம் என்கிறார்களே?

சுண்ணக்கட்டியையும் மெழுகுவர்த்தியையும் பார்த்துச் சொல்வது. பலரும் கூடி, கதவைத் திறந்து வைத்து, பைபிள் வாசித்துச் செய்வதைச் சூனியம் என்று சொல்வது அநியாயம். இப்படி வெளியே நின்று கட்டிய முடிவுதான் 1917இல் தடைச் சட்டமாகவும் வந்தது.

நாம் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். ஆராதனை எல்லாருக்கும் பொது. மார்ச் 30ஐ ஒட்டிப் போனால் ஊர்வலமும் மணியும் திறந்தவெளிக் கூட்டமும் பார்க்கக் கிடைக்கும். வெளிர் நிறத்தில் உடம்பை மூடிய உடை நல்லது, பெண்கள் தலையில் துணி கட்டிக்கொள்ளலாம். செருப்பு பற்றி வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், ஆவி இறங்கியவரை அறவே எடுக்க வேண்டாம். கம்பத்தின் அடியில் உள்ள எதையும் தொடக்கூடாது. கோயிலை ஒட்டி மூடிய கதவோடு ஒரு சின்ன அறை தெரிந்தால், அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு நடங்கள். உள்ளே யாராவது கண் கட்டிக்கொண்டு தொலைதூரம் போயிருக்கலாம்.